பெரிய நாய்க்கு விமானக் கூடு: மட்டக்களப்பிலிருந்து புறப்படுவோருக்கான வழிகாட்டி

நாயை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லத் தீர்மானிக்கும் குடும்பம் வழக்கமாக முதலில் பயணச்சீட்டைப் பார்க்கும், அடுத்துத் தடுப்பூசிப் பத்திரங்களைத் தேடும், கூட்டைக் கடைசி வாரத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைக்கும். சிறிய நாயென்றால் இந்த ஒழுங்கில் எப்படியோ சமாளித்துவிடலாம். அல்சேஷன், லப்ரடோர், றொட்வைலர் போன்ற பெரிய நாய்க்கும், உயரமாக வளர்ந்துவிட்ட நாட்டு நாய்க்கும் இது ஒத்துவராது. எந்த விமானத்தில் ஏற்றலாம், எவ்வளவு கட்டணம் வரும், கட்டுநாயக்க விமான நிலையம்வரை எந்த வாகனத்தைப் பிடிக்க வேண்டும் என்ற மூன்றுக்கும் கூட்டின் அளவே விடை சொல்கிறது. அந்த அளவு தெரியாமல் பயணச்சீட்டு எடுப்பவர், பின்னர் சீட்டை மாற்றவோ நாயை விட்டுச்செல்லவோ நேரிடலாம்.

இந்தக் கட்டுரை கூட்டைப் பற்றியது; பத்திரங்களைக் கால அட்டவணைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் தொட்டுச் செல்கிறது. விசர்நாய்க்கடி நோய் இன்னும் உள்ள நாடு இலங்கை. ஆகவே ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குச் செல்லும் நாய்க்கு முதலில் ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்திலான 15 இலக்க நுண்சில்லைத் தோலுக்கடியில் பொருத்தி, அதன் பிறகு தடுப்பூசி போட்டு, ஆகக் குறைந்தது 30 நாட்கள் சென்றபின் இரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையவில்லை என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடமொன்றில் உறுதிப்படுத்த வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதங்கள் கழிந்த பின்னரே நாய் அந்நாடுகளுக்குள் நுழையலாம். கூட்டிப் பார்த்தால் நான்கு மாதங்களுக்குக் குறையாது. பலருக்கு எரிச்சலூட்டும் இந்தக் காத்திருப்பு, கூட்டைத் தேடுவதற்கும் நாயை அதற்குப் பழக்குவதற்கும் தாராளமாகப் போதும். தடுப்பூசி போடும் வாரத்திலேயே அளவு நாடாவையும் கையில் எடுங்கள்.

முதற் படி: நாயை அளத்தல்

உலகின் பெரும்பாலான விமான நிறுவனங்கள் இவ்விடயத்தில் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா வெளியிடும் உயிருள்ள விலங்குகள் ஒழுங்குவிதிகளையே பின்பற்றுகின்றன. அவற்றின் அடிப்படை எளிமையானது: கூட்டினுள் நாய் இயல்பாக நிமிர்ந்து நிற்கவும், முழுதாகத் திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் முடிய வேண்டும். கண்மதிப்பில் "இது போதும்" என்று சொல்லிவிடாதபடி இதற்கு நான்கு அளவுகளும் ஒரு கணக்கும் வகுத்திருக்கிறார்கள்.

சீமெந்துத் தரையில் நாயைச் சுவரோரமாக நிற்க வையுங்கள். மணல் முற்றத்தில் கால் புதைவதால் அளவு தவறும். ஒருவர் தலையைப் பிடித்துச் சாந்தப்படுத்த, மற்றவர் அளக்கட்டும். முதலாவது அளவு, மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையான நீளம்; வாலைச் சேர்க்க வேண்டியதில்லை. இரண்டாவது, தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டு வரையான உயரம். மூன்றாவது, தோள்களுக்குக் குறுக்கே, அல்லது உடம்பின் அகன்ற பகுதி எதுவோ அதற்குக் குறுக்கே உள்ள அகலம். நான்காவது, இயல்பாக நிற்கும்போது தரையிலிருந்து உச்சந்தலை வரையான உயரம். அல்சேஷனைப் போலக் காது விறைத்து நிற்கும் நாயாயின், தலையை விட்டுக் காது நுனி வரை அளக்க வேண்டும். பலரும் பிழைவிடும் இடம் இதுதான். தலைமேல் ஒரு தட்டையான பலகையைக் கிடையாகப் பிடித்து, அது சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் குறித்தால் உயரம் சரியாக வரும். நாடாவை உடம்பின் வளைவோடு ஒட்டிப் பிடிக்காமல் நேராகப் பிடிக்க வேண்டும்.

இனிக் கணக்கு. கூட்டின் உள்நீளம், முதலாவது அளவோடு இரண்டாவது அளவின் பாதியைக் கூட்டி வருவது. உள்ளகலம், மூன்றாவது அளவின் இரு மடங்கு. உள்ளுயரம், நான்காவது அளவோடு உள்ளே விரிக்கும் படுக்கையின் தடிப்பையும் சேர்த்தது. புல்டோக், பொக்ஸர், பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இவற்றிலும் 10 சதவீதம் கூடுதலான இடம் வேண்டும்.

உதாரணமாக, நீளம் 92 சென்ரிமீற்றர், முழங்கை உயரம் 36, தோளகலம் 27, காது நுனி வரை 74 என்று ஒரு நாயை வைத்துக்கொள்வோம். உள்நீளம் 92 உடன் 18 சேர்ந்து 110 ஆகிறது. அகலம் 54. படுக்கைக்கு 3 சென்ரிமீற்றர் விட்டால் உயரம் 77. சந்தையில் 500 என்ற இலக்கத்தில் விற்கப்படும் பெரிய பிளாஸ்ரிக் கூடு, வெளிப்புறமாக ஏறத்தாழ 102 நீளமும் 69 அகலமும் 76 உயரமும் கொண்டது. கடையில் பார்க்கும்போது இந்த நாய் அதற்குள் நிற்கும், படுக்கும். விற்பவரும் போதும் என்பார். கணக்கின்படி அகலத்தில் மட்டுமே அது தேறுகிறது, நீளத்திலும் உயரத்திலும் தேறவில்லை. அடுத்த அளவான 700, வெளிப்புறமாக ஏறத்தாழ 122, 81, 89 என்று இருக்கும். நமது நாய்க்கு அதுதான் உரியது. மூன்று அளவுகளில் ஒன்று தவறினாலும் சரக்குப் பிரிவு அலுவலர் கூட்டைத் திருப்பி அனுப்பலாம். விற்பனை அட்டையில் உள்ளவை பெரும்பாலும் வெளியளவுகள் என்பதையும், கூட்டின் சுவர்கள் உட்புறம் சரிந்து வருவதால் உள்ளளவு குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு வயது நிரம்பாத நாயாயின், கூடு வாங்குவதற்குச் சற்று முன் இன்னொரு முறை அளக்க வேண்டும். நான்கு மாதத்தில் அது எவ்வளவு உயரும் என்பதை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

இரண்டாம் படி: வாங்கும் முன் விமான நிறுவனத்திடம் கேட்டல்

அளவு கையில் வந்ததும் கடைக்கு ஓடாமல், விமான நிறுவனத்தின் சரக்குப் பிரிவுக்கோ, செல்லப்பிராணிகளை அனுப்பும் முகவருக்கோ எழுதுங்கள். நாயின் இனம், வயது, நிறை, நான்கு அளவுகள், உத்தேசக் கூட்டின் வெளியளவுகள் ஆகியவற்றை ஒரே கடிதத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் பெறுங்கள். தொலைபேசியில் ஒருவர் சொன்ன உறுதியை விமான நிலையத்தில் இன்னொருவர் ஏற்கமாட்டார்.

கேட்க வேண்டியவற்றுள் முதன்மையானது, பயணத்தின் ஒவ்வொரு பகுதியிலும் எந்த வகை விமானம் பறக்கிறது என்பது. கொழும்பிலிருந்து வளைகுடா நகரமொன்றுக்குப் பெரிய விமானத்தில் போகும் நாய், அங்கிருந்து சிறிய விமானமொன்றுக்கு மாற வேண்டியிருக்கலாம். ஒற்றை நடைபாதை கொண்ட சிறிய விமானங்களில் பொதிகள் ஏற்றும் கீழறையின் கதவு தாழ்வானது. 89 சென்ரிமீற்றர் உயரமான கூடு சிலவற்றில் நுழையவே நுழையாது. கூட்டைச் சரித்து உள்ளே தள்ளுவது எந்த விமானத்திலும் அனுமதிக்கப்படாது. நேரடிப் பயணமோ ஒரே மாற்றமோ உள்ள வழி, கட்டணம் சற்று அதிகமானாலும், பெரிய நாய்க்குப் பொருத்தமானது என்பது என் கருத்து.

அடுத்தது கட்டணம். நாய் பயணியின் மேலதிகப் பொதியாகச் செல்லலாம், அல்லது தனிச் சரக்காகச் செல்லலாம். சில நாடுகள் சரக்காக மட்டுமே ஏற்கின்றன. சரக்காகச் சென்றால் உண்மையான நிறையையும் கன அளவு நிறையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்கே பணம் வாங்குவார்கள். கூட்டின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 6000 ஆல் வகுத்தால் கன அளவு நிறை கிலோவில் வரும். மேலே சொன்ன 700 இலக்கக் கூட்டுக்கு அது ஏறத்தாழ 147 கிலோ. 500 இலக்கக் கூட்டுக்கு 89 கிலோ. நாயும் கூடும் சேர்ந்து தராசில் 55 கிலோ காட்டினாலும் கட்டணம் 147 கிலோவுக்குத்தான். தேவைக்கு மிஞ்சிய கூட்டை "வசதியாக இருக்கட்டும்" என்று வாங்குவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. அதற்காக அளவு குறைந்த கூட்டில் நாயை மடக்கி அனுப்ப நினைப்பதும் வீண்; ஏற்றமாட்டார்கள்.

வெப்பம் பற்றியும் கேளுங்கள். பறக்கும்போது நாய் இருக்கும் கீழறையில், பயணிகள் அறையில் உள்ள அதே காற்றழுத்தம் பேணப்படுகிறது, வெப்பநிலையும் கட்டுப்படுத்தப்படுகிறது. ஆபத்து பெரும்பாலும் நிலத்தில், ஓடுதளத்தில் காத்திருக்கும் வேளையில்தான். இதனால் பல நிறுவனங்கள் கோடை மாதங்களில், சிறப்பாக வளைகுடா வழியாக, நாய்களை ஏற்பதில்லை. சப்பை மூக்கு இனங்களை ஆண்டு முழுவதும் மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. போராடும் இனங்கள் என்று கருதப்படும் வலிய தாடை கொண்ட நாய்களுக்குச் சாதாரண பிளாஸ்ரிக் கூடு போதாது; மரமும் உலோகமும் கொண்டு அமைத்த வலுவான தனிவகைக் கூடு கேட்பார்கள். றொட்வைலர் வைத்திருப்போர் இதை முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: கூட்டைத் தெரிவுசெய்தல்

கடைகளிலும் இணையத்திலும் "விமானப் பயணத்துக்கு அங்கீகரிக்கப்பட்டது" என்ற வாசகத்தோடு கூடுகள் விற்கப்படுகின்றன. அந்த வாசகத்தை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். அயாட்டா எந்தக் கூட்டையும் சோதித்துச் சான்றளிப்பதில்லை. கூடு எப்படி இருக்க வேண்டும் என்று விதிப்பதோடு அதன் வேலை முடிகிறது. உங்கள் நாய்க்கு உங்கள் கூடு அந்த விதிக்குள் அடங்குகிறதா என்பதை விமான நிறுவனம் அன்றைய தினம் பார்த்து முடிவு செய்கிறது. சென்ற முறை இன்னொருவரின் நாய் போன கூடு என்பதும் அங்கே செல்லாது.

மட்டக்களப்பு நகரத்திலோ கல்முனையிலோ பூனைக்கும் சிறு நாய்க்கும் உரிய கூடுகள் கிடைத்தாலும், பெரிய அளவுகளைப் பெரும்பாலும் கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். இரண்டு பாதிகளாகக் கழற்றி, மேற்பாதியைக் கவிழ்த்துக் கீழ்ப்பாதிக்குள் அடுக்கினால் அனுப்பும் செலவு குறையும். வந்ததும் பூட்டி, கீழே சொல்வனவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கதவு உலோகக் கம்பிக் கதவாக இருக்க வேண்டும். அதன் மேலும் கீழும் நீளும் கம்பி முனைகள், பொருந்தும் துளைகளைத் தாண்டி ஆகக் குறைந்தது 1.6 சென்ரிமீற்றர் வெளியே நீண்டிருக்க வேண்டும். கதவைப் பூட்டிவிட்டு, உள்ளிருந்து முழங்காலால் பலமாகத் தள்ளிப் பாருங்கள். கம்பி துளையை விட்டு நழுவினால் அந்தக் கூடு வேண்டாம். முப்பது கிலோ நாய் பயத்தில் மோதும் வேகத்துக்கு உங்கள் முழங்கால் ஒரு பொருட்டல்ல.

மேற்பாதியும் கீழ்ப்பாதியும் உலோகச் சுரையாணிகளால் இணைக்கப்பட வேண்டும். பிளாஸ்ரிக் கொக்கிகளால் மட்டும் இணையும் கூட்டைப் பெரிய நாய்க்கு ஏற்கமாட்டார்கள். கல்லடி, காத்தான்குடி, திருக்கோவில் என்று கடற்கரையோரம் வாழ்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்றில் சாதாரண ஆணிகள் சில மாதங்களிலேயே துருப்பிடித்து இறுகிவிடும். கூட்டோடு வரும் ஆணிகளை எடுத்துவிட்டு, அதே தடிப்பில் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளை இரும்புக் கடையில் வாங்கிப் போடுவது சிறு செலவு; கட்டுநாயக்கவில் பரிசோதனைக்காகக் கூட்டைக் கழற்றச் சொன்னால் அதன் பயன் தெரியும்.

காற்றுத் துவாரங்கள் நான்கு பக்கங்களிலும் வேண்டும். பின்பக்கம் மூடிய கூடுகள் சர்வதேசப் பயணத்துக்கு உதவா. துவாரங்களின் மொத்தப் பரப்பு நான்கு பக்கங்களின் பரப்பில் ஆகக் குறைந்தது 16 சதவீதமாக இருக்க வேண்டும். நாயின் மூக்கோ பாதமோ வெளியே நீளாத அளவுக்கு அவை சிறியனவாகவும் இருக்க வேண்டும். குறையும் இடத்தில் துளைகருவியால் மேலதிக துளைகள் இடலாம், ஆனால் உட்புற விளிம்பை அரத்தால் தேய்த்து மழுக்காமல் விடக்கூடாது. கூட்டின் நடுவே சுற்றிவரும் வெளிப்புற விளிம்பு, அருகில் இன்னொரு பொதி ஒட்டி நின்றாலும் துவாரங்கள் அடைபடாமல் காக்கும், அதை வெட்டிவிடாதீர்கள். சில்லுகள் இருந்தால் கழற்ற வேண்டும், அல்லது சுழலாதபடி கட்ட வேண்டும். நாயோடு சேர்த்து 60 கிலோவுக்கு மேற்பட்டால், பாரந்தூக்கி இயந்திரத்தின் கரங்கள் நுழைவதற்கு அடியில் இடைவெளிக் கட்டைகளும் தேவை.

பாவித்த கூடு மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுக்குள் இருந்த கூடாயின் வாங்கலாம். வெயிலில் கிடந்த கூட்டின் பிளாஸ்ரிக் வெளிறி, விரலால் அழுத்தினால் நெளியாமல் வெடிக்கும் தன்மை அடைந்திருக்கும். அதை மலிவென்று சொல்ல முடியாது. மடித்து வைக்கக்கூடிய கம்பிக் கூடுகளும் துணிக் கூடுகளும் வீட்டுக்கும் வாகனத்துக்கும் உரியவை, சரக்கறைக்கு உரியவை அல்ல.

தச்சரிடம் செய்விப்பது

கிறேற் டேன் போன்ற மிகப் பெரிய நாய்களுக்கு 700 இலக்கக் கூடும் போதாமல் போகலாம். அப்போது தச்சரிடம் சொல்லிச் செய்விப்பதைத் தவிர வழியில்லை. நம் பகுதியில் நல்ல தச்சர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வரைபடம் கொடுத்தாக வேண்டும். சும்மா "நாய்க்கூடு" என்று சொன்னால் வளவில் வைக்கும் கூரைக்கூட்டைச் செய்துவிடுவார்கள்.

மரத்தைப் பொறுத்தவரை ஒரு முக்கிய விதி உண்டு. நாடு விட்டு நாடு செல்லும் பொதிகளில் உள்ள திண்மரம், பூச்சிகள் பரவாமல் தடுப்பதற்காக வெப்பச் சிகிச்சை போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை பெற்று, கோதுமைக் கதிர்ச் சின்னம் கொண்ட சர்வதேச முத்திரை பதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒட்டுப்பலகை எனப்படும் பிளைவுட் இந்த விதிக்கு விலக்கானது. ஆகவே சுவர்களையும் தரையையும் பிளைவுட்டில் அமைத்துவிட்டு, சட்டத்துக்கு மட்டும் வீட்டில் கிடந்த தேக்குச் சட்டத்தையோ பனஞ்சலாகையையோ பாவித்தால், அந்தச் சட்டமே கூட்டைத் தடுத்து நிறுத்தக்கூடும். சட்டத்தையும் பிளைவுட் அடுக்குகளால் அமைக்கலாம், அல்லது உலோகத்தில் செய்யலாம். ஆணி முனை எதுவும் உட்புறம் நீளக்கூடாது. வர்ணம் பூசுவதாயின் பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே பூசி, மணம் போகக் காயவிட வேண்டும். நாய் கடிக்கும் விளிம்புகளில் வர்ணம் வேண்டாம்.

நான்காம் படி: நாயைப் பழக்குதல்

இந்த வழிகாட்டியில் அதிக காலம் எடுப்பதும், பலர் அசட்டையாக விடுவதும் இந்தப் படிதான். நம் வீடுகளில் நாய் பெரும்பாலும் வேலியிட்ட வளவில் சுதந்திரமாகத் திரிந்து, இரவில் விறாந்தையில் படுத்துப் பழகியது. அடைபடுவது என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. அப்படிப்பட்ட நாயைப் பயண நாளன்று முதன்முறையாகக் கூட்டில் தள்ளிக் கதவைப் பூட்டினால், அது பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொண்டாவது வெளிவரப் பார்க்கும்.

ஆறிலிருந்து எட்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் மேற்பாதியையும் கதவையும் பூட்ட வேண்டாம். கீழ்ப்பாதியை மட்டும் நாய் வழக்கமாகப் படுக்கும் இடத்தில் வைத்து, அதன் பழைய சாக்கையோ துணியையோ உள்ளே விரித்துவிடுங்கள். சோற்றுக் கோப்பையை முதலில் அருகிலும் பின்னர் உள்ளேயும் வையுங்கள். கையால் பிடித்து உள்ளே தள்ளுவது கூடாது. தானாக ஏறி, தானாகப் படுத்தபின் மேற்பாதியைப் பூட்டலாம். கதவு அதற்கும் பிறகு. முதலில் உணவு உண்ணும் சில நிமிடங்கள் சாத்தி, முடிக்கும் முன்னரே திறந்துவிடுங்கள். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, இறுதியில் ஓர் இரவு முழுவதும் சாத்திய கதவுக்குள் நிம்மதியாக உறங்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அழும்போது திறந்தால், அழுதால் கதவு திறக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். ஒரு கணம் ஓய்ந்ததும் திறவுங்கள். ஆனால் வாயில் நுரை தள்ளி, கதவைக் கடித்து, மூச்சு வாங்கினால் அது பிடிவாதம் அல்ல, பயம். உடனே திறந்து, இரண்டு படி பின்னுக்குப் போய்த் தொடங்குங்கள்.

கூட்டை முற்றத்தில் வைக்க வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பில் பிற்பகல் வெப்பம் பிளாஸ்ரிக் கூட்டுக்குள் இன்னும் ஏறும். மூச்சுத்திணறிய ஒரு பிற்பகல் பல வாரப் பழக்கத்தை அழித்துவிடும். காலையும் மாலையும் பயிற்சிக்கு உகந்தவை.

அசைவுக்கும் ஓசைக்கும் பழக்குவது அடுத்தது. கூட்டோடு நாயை வான் வாகனத்தில் ஏற்றி, முதலில் இயந்திரத்தை மட்டும் இயக்கி, பின் ஊருக்குள் ஒரு சுற்று, பின் செங்கலடி அல்லது வாழைச்சேனை வரை என்று தூரத்தைக் கூட்டுங்கள். இரண்டு பேர் இருபுறமும் தூக்கி ஓரடி நகர்த்தி வைப்பதையும் செய்து பாருங்கள். விமான நிலையத்தில் அன்னியர்கள் அதைத்தான் செய்யப்போகிறார்கள்.

மயக்க மருந்து கொடுத்தால் இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று சிலர் நினைப்பார்கள். அந்த எண்ணத்தை முற்றாக விட்டுவிடுங்கள். மயக்க மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது, உடல் வெப்பத்தைச் சீராக்கும் திறனைக் கெடுக்கிறது, கூடு ஆடும்போது கால் ஊன்றிச் சமநிலை பேண முடியாமல் செய்கிறது. உயரத்தில், கவனிக்க ஆளில்லாத இடத்தில், இவை உயிருக்கே ஆபத்து. மயங்கிய நிலையில் வரும் நாயைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதுமில்லை. பதற்றம் மிகுந்த நாயாயின் கால்நடை வைத்தியரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

ஐந்தாம் படி: கூட்டைத் தயார்செய்தல்

தரையில் முதலில் ஈரம் உறிஞ்சும் விரிப்பு. கடையில் கிடைக்கும் நாய்க்குட்டி விரிப்புகளை ஓரங்கள் மேற்பொருந்த இரண்டடுக்காகப் பரப்பி, ஓரத்தை ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டால் நாய் பிறாண்டினாலும் நகராது. அதன்மேல் ஒரு மெல்லிய போர்வை. வீட்டார் உடுத்த, துவைக்காத சட்டை ஒன்றையும் சேர்த்தால் பழகிய மணம் கூடவே போகும். வைக்கோல், உமி, தென்னந்தும்பு போன்றவற்றை உள்ளே இட வேண்டாம். தாவரப் பொருட்களைப் பல நாடுகள் நோய்த்தடுப்பு நிலையத்திலேயே பறித்து எரிப்பார்கள், அதற்கும் உங்களிடமே பணம் கேட்பார்கள்.

தண்ணீருக்கும் உணவுக்கும் இரண்டு கோப்பைகள் கதவின் உட்புறம் பொருத்தப்பட வேண்டும். கதவைத் திறக்காமல் வெளியிலிருந்தே நிரப்பக்கூடியதாக அவை இருப்பது கட்டாயம். கூட்டோடு வரும் சிறு கோப்பைகள் பெரிய நாய்க்குப் போதா. தண்ணீரை முந்தைய இரவில் கோப்பையோடு உறைய வைத்துப் பொருத்தினால் ஏற்றும்போது சிந்தாது, பின்னர் மெல்ல உருகிக் கிடைக்கும் என்பது பலரும் சொல்லும் நல்ல யோசனை. ஆனால் மட்டக்களப்பில் உறைய வைத்த தண்ணீர் கட்டுநாயக்க போய்ச்சேரும் முன்னரே உருகிவிடும். நீர்கொழும்புப் பக்கத்தில் தங்குபவர்கள் அங்கே உறைய வைக்கலாம். மற்றவர்கள் ஐஸ் கட்டிகளைச் சூடுதாங்கும் போத்தலில் எடுத்துச் சென்று கையளிக்கும் நேரத்தில் போடுவது நடைமுறைக்கு ஒத்தது.

உள்ளே வாய்க்கூடு, சங்கிலி, தோல்வார் எதுவும் விடக்கூடாது. வார் எங்காவது சிக்கினால் அவிழ்த்துவிட ஆளிருக்காது. சாதாரண கழுத்துப்பட்டி போதும். அதில் தொலைபேசி இலக்கம் இருக்கட்டும்.

வெளிப்புறத்தில் உயிருள்ள விலங்கு என்பதைக் காட்டும் பச்சை நிறச் சிட்டையும், இந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி காட்டும் சிட்டைகளும் ஒட்ட வேண்டும். துவாரங்களை மறைத்து ஒட்டாதீர்கள். மேற்பாகத்தில் நாயின் பெயர், அனுப்புபவர், பெறுபவர், இருவரின் முகவரியும் தொலைபேசி இலக்கமும், கடைசியாக உணவும் தண்ணீரும் கொடுத்த நேரம் ஆகியவற்றை அழியாத மையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். பத்திரங்களின் பிரதிகளை நீர் புகாத உறையில் இட்டுக் கூட்டின் மேல் ஒட்டலாம். விமான நிறுவனமோ முகவரோ கேட்டாலன்றி மூலப்பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். நுண்சில்லின் 15 இலக்கங்களும் எல்லாப் பத்திரங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் அது வேறு நாய்.

ஆறாம் படி: கட்டுநாயக்கவுக்கு

மட்டக்களப்பு விமான நிலையத்தின் உள்நாட்டுச் சேவை சிறிய விமானங்களுக்குரியது. பெரிய நாயின் கூட்டை அதில் எண்ணிப் பார்க்க வேண்டாம். ஆகவே பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் வழியான வீதிப் பயணம்தான். அம்பாறையிலிருந்து புறப்படுபவர்கள் மஹியங்கனை, கண்டி வழியாக வரலாம், எனினும் அந்த மலைப்பாதையின் வளைவுகள் வயிற்றைப் புரட்டும். வாகனத்தில் வாந்தியெடுக்கும் நாய்க்கு நான் அந்த வழியைச் சொல்லமாட்டேன். வானை ஒழுங்கு செய்யும்போது சாரதியிடம் கூட்டின் உயரத்தைச் சொல்லி, பின்கதவு வழியாக நுழையுமா என்று முன்னதாகவே வைத்துப் பாருங்கள். ஏறிய கூட்டை வார்ப்பட்டியால் இருபுறமும் கட்ட வேண்டும்.

மாலையில் புறப்பட்டு இரவில் செல்வது வெப்பத்துக்கு நல்லது. கடைசி நல்ல உணவைப் புறப்படும் முன் கொடுத்துவிட்டு, வழியில் தண்ணீர் மட்டும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். நாயை இறக்கி நடத்துவதற்கு வெளிச்சமான எரிபொருள் நிலையங்களைத் தெரிவு செய்யுங்கள். மின்னேரியாவுக்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் யானைகள் வீதியைக் கடக்கும். அந்தப் பகுதியில் எக்காரணம் கொண்டும் நாயை வெளியே விட வேண்டாம். குரைக்கும் நாயும் குட்டியோடு வரும் யானையும் சந்திக்கும் இடத்தில் நீங்களும் நிற்க விரும்பமாட்டீர்கள்.

சுகாதாரச் சான்றிதழுக்கான வேலைகள் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் விலங்குத் தொற்றுக்காப்புப் பிரிவோடு தொடர்பானவை. எத்தனை நாட்களுக்கு முன் நாயைக் காட்ட வேண்டும் என்பதைச் செல்லும் நாட்டின் விதியைக் கொண்டு முன்னரே கேட்டறிந்து, அந்த நாளைப் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரக்கு முனையத்தில் கூட்டைப் பரிசோதிக்கும்போது நாயை வெளியே எடுக்கச் சொல்வார்கள். வெற்றுக் கூடு இயந்திரத்துக்குள் போகும் அந்தச் சில நிமிடங்களில்தான் பயந்த நாய் கழுத்துப்பட்டியை உருவிக்கொண்டு ஓட வாய்ப்பு அதிகம். கழுத்துப்பட்டிக்கு மேலதிகமாக மார்பைச் சுற்றிக் கட்டும் உறுதியான வார் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கதவைக் கை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து கழுத்துப்பட்டியைப் பற்றிக்கொள்ளுங்கள். உருவாத வகையில் வாரை மாட்டியபின் கதவை முழுதாகத் திறக்கலாம். பரிசோதனை முடிந்து நாய் மீண்டும் ஏறியதும் வாரைக் கழற்றி, ஆணிகள் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கி, கதவின் நான்கு மூலைகளையும் பிளாஸ்ரிக் கட்டுநாடாக்களால் கட்டுங்கள். அவசரத்தில் கதவைத் திறக்க நேர்ந்தால் மறுபடி கட்டுவதற்கு உதிரி நாடாக்கள் நான்கைந்தைப் பத்திர உறைக்குள் வைத்துவிடுங்கள்.

சரக்குப் பற்றுச்சீட்டின் இலக்கத்தைப் பெற்று, அதை மறுமுனையில் நாயைப் பெறுபவருக்கு உடனே அனுப்புங்கள். அவரிடம் இரண்டு விடயங்களைச் சொல்லி வையுங்கள். ஒன்று, அங்கே அவரும் ஒரு மார்பு வாரோடு வர வேண்டும். மற்றது, எவ்வளவு கெஞ்சினாலும் வாகனத் தரிப்பிடத்தில் கூட்டைத் திறக்கக்கூடாது. கதவு சாத்திய அறைக்குள் போன பின்பே திறக்க வேண்டும்.